மூன்று வார ஜாம்

"சர்க்கரை பத்தாதுடா ஹம்மாதி. மூணு வாரத்துல புளிச்சிடும்," என்றாள் மன்னூபியா, பானையை எட்டிப் பார்த்து.

"மூணு வாரம் போதும்க்கா."

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கு அடுத்த வீடுதான். தம்பி தன் மனைவியைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவர் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பதைத் தினசரி வேலையாக வைத்திருந்தாள்.

ஸ்ட்ராபெரி சீசன் வந்துவிட்டால் கடலோர ஊரான கொர்பாவில் எந்த வீட்டிலும் வேறு பேச்சு கிடையாது. ஒரே நாளில் பெரிய அண்டாவை ஏற்றி, வருஷத்துக்கும் ஜாம் காய்ச்சி, பாட்டில்களை வெந்நீரில் கொதிக்கவைத்து, காற்றுப் புகாமல் மூடி அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். ஹம்மாதியின் மனைவி ஸகியா இருந்தவரை அந்த வீட்டிலும் அப்படித்தான். மகன் அனீஸ் தலைநகர் தூனிஸிலிருந்து ஒரு நாள் வருவான். பாட்டில்களைப் பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனால் அடுத்த சீசனுக்குத்தான் முகம் காட்டுவான். பெருநாள் என்றால் மாமியார் வீடு.

ஸகியா போனபின் இது இரண்டாவது சீசன். இப்போது ஹம்மாதி சின்னப் பானையில் கொஞ்சமாகத்தான் காய்ச்சுகிறார். முந்தின இரவே பழத்தில் சர்க்கரை தூவி வைத்துவிடுவார். காலையில் அடுப்பேற்றி, நுரையை வழித்து, எலுமிச்சை பிழிவார். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்து, ஓடாமல் நின்றால் இறக்கி, வாசனைக்கு ஆரஞ்சுப் பூத் தண்ணீர் ஒரு கரண்டி விடுவார். அவ்வளவுதான். ஆறியதும் இரண்டு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். வெந்நீரும் இல்லை, இறுக்கி மூடுவதும் இல்லை.

அப்படி வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. பேத்தி லீனாவோ தாத்தா ஜாம் இல்லாமல் காலையில் ரொட்டியைத் தொடமாட்டாள். கடை ஜாமைக் கொடுத்தால் துப்புகிறாளாம். குழந்தை நன்றாக இருக்கட்டும். அவள் புண்ணியத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் அனீஸின் கார் வந்து நின்றது. அந்த ஞாயிறுகளில் ஹம்மாதி விடியும் முன்பே சவரம் செய்துவிடுவார். கடற்கரைக்குப் போய் மீன் பொறுக்கி வாங்கி வருவார். நடுவில் இருக்கும் நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறும் வந்தார்கள். லீனா பாட்டிலுக்குள் விரலை விட்டு நக்கினாள். தாத்தா அதட்டவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டே மருமகள் ரீம் மெல்ல ஆரம்பித்தாள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நெரிசல் வேறு. இருப்பதே ஒரு லீவு நாள் என்றாள். அத்தை இருந்திருந்தால் ஒரே தடவையில் வருஷத்துக்கும் மூடிக் கொடுத்திருப்பார்கள் என்றும் சொன்னாள்.

"எனக்குக் காய்ச்சத்தான்மா தெரியும்," என்றார் ஹம்மாதி. "காத்துப் புகாம மூடுற வித்தையெல்லாம் ஸகியாவோட போயிடுச்சு."

சாப்பாட்டுக்கு வந்திருந்த மன்னூபியா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அனீஸ் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தான். பிறகு குனிந்து தேநீரில் மிதந்த புதினா இலையைக் கரண்டியால் ஒதுக்கினான்.

கிளம்பும்போது அடுத்த தடவை எப்போது என்று ஹம்மாதி கேட்கவில்லை. கேட்டால் பாரமாகிவிடுவோமோ என்று பயம். ஜாம் தீர்ந்தால் வந்துதானே ஆகவேண்டும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

மூன்று வாரம் போயிற்று. ஞாயிறு காலை சவரம் செய்த முகத்தோடு வாசலில் நின்றவரின் முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. இரண்டு பேர் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை இறக்கி, கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது.

"ஃப்ரீசர்ப்பா," என்றான் அனீஸ். "சீசன் முடியறதுக்குள்ள மொத்தமா காய்ச்சி இதுல போட்டுடுங்க. வருஷம் பூரா கெடாது. ஜூன்ல ஒரு தடவை வந்து எடுத்துக்கறேன். உங்களுக்கும் சிரமமில்ல, எங்களுக்கும் அலைச்சல் இல்ல."

"நல்ல யோசனைப்பா," என்றார் ஹம்மாதி. லீனாவிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

சத்தம் கேட்டு வந்த மன்னூபியா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கு வந்ததே கோபம். பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உனக்கு வாயில கொழுக்கட்டையாடா? ஸகியா என்னைக்கு பாட்டில் மூடினா? அவ காய்ச்சுவா, நீ மூடுவ. ஏன், என் வீட்டு பாட்டிலையே இந்த வருஷமும் நீதானே மூடிக் குடுத்த? பிள்ளை முகத்தைப் பாக்கத்தான் மறந்த மாதிரி நடிச்சேன்னு அவன்கிட்ட சொல்லித் தொலை. வெக்கப்பட்டாவது வந்து நிப்பான்."

ஹம்மாதி குனிந்து ஃப்ரீசரின் ஒயரைச் சுவரில் சொருகினார். காலிப் பெட்டி உறும ஆரம்பித்தது.

"அவனுக்குத் தெரியும்க்கா," என்றார். "சின்ன வயசுல, நான் பாட்டில் மூட மூட, பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு மூடியா என் கையில எடுத்துக் குடுத்தவனே அவன்தான்."