முதல் டோக்கன்

"இந்த லூப் ஏன் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது?" என்று பிரிஸில்லா கேட்டதும் அஷ்வின் திருதிருவென்று விழித்தான்.

தொம்மலூரில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் அந்தப் பயிற்சி நிலையத்தில் பிரபா மேடம் வைத்த சட்டம் அது. ஒருவர் எழுதிய ப்ரோகிராமை இன்னொரு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக ரிவ்யூ செய்ய வேண்டும். கேட்கிற ஒவ்வொரு 'ஏன்'-க்கும் எழுதியவர் காரணம் சொல்ல வேண்டும்.

சொன்னால் வெள்ளிக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்டர்வியூ. சொல்லாவிட்டால் மறுபடி அடுத்த பேட்ச்.

அஷ்வினுக்கு இது மூன்றாவது பேட்ச். ஊரில் இருக்கும் அப்பாவிடம் சொல்ல இனிப் பொய் கையிருப்பில் இல்லை.

சங்கடம் என்னவென்றால், ப்ரோகிராமை அவன் எழுதவே இல்லை. கிளினிக்கில் டோக்கன் வரிசைப்படி நோயாளிகளைக் கூப்பிடும் அந்த ப்ரோகிராம் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தது. ஈயடிச்சான் காப்பி. டாக்டர் பெயரை மாற்றியது மட்டும்தான் அவன் பட்ட பாடு.

"ஓடுதில்ல, அப்புறம் என்ன?"

"ஆட்டோகூடத்தான் ஓடுது. ஏன்னு சொல்லு," என்றாள் பிரிஸில்லா. இதே ஊர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவளிடம் மழுப்பல் எடுபடாது.

வேறு வழியே இல்லாமல் அஷ்வின் யோசித்தான்.

நோட்டில் மூன்று நோயாளிகளை எழுதினான். கேத்தரின், கோவிந்தப்பா, விஜி. ஒவ்வொருவராகத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் அந்த லூப் போகிற வழியில் விரலை வைத்துக்கொண்டு தானும் போனான். கம்ப்யூட்டர் வரிசையைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். லூப்போ ஒன்றிலிருந்து கூப்பிடுகிறது. விரல் நேராகக் கோவிந்தப்பாவின் மேல் போய் நின்றது.

"கேத்தரினை யாருமே கூப்பிடல. முதல்ல வந்தவங்க கிளினிக்கைப் பூட்டுற வரைக்கும் உட்கார்ந்தே இருப்பாங்க."

அவனுக்கே நம்ப முடியவில்லை. இரண்டு பேட்சில் வராத சந்தோஷம் அந்த ஒரு நிமிடத்தில் வந்தது.



பிரிஸில்லா மெல்லத் தன் லாப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். அடுத்த மேசையில் டிரேவர் மாற்றினான். அதற்கடுத்து கேசவ். பின்வரிசை மொத்தமும் குனிந்து தட்டியது.

பிரபா மேடம் எழுந்து வந்தார். எல்லார் குட்டும் வெளிப்பட்டுவிட்டது, வெள்ளிக்கிழமையும் போச்சு என்று அஷ்வின் தலையைத் தொங்கப்போட்டான்.

மேடம் அவன் நோட்டை எடுத்து, மூன்று பெயர்களிலும் தன் விரலை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். இன்டர்வியூ பட்டியலில் அவன் பெயருக்கு டிக் போட்டார்.

யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தன் மேசைக்குத் திரும்பி, இரண்டு வருடமாக எல்லா பேட்சையும் திருத்துவதற்குத் தானே எழுதி வைத்திருந்த மாதிரி விடையைத் திறந்தார். லூப் தொடங்கும் பதினான்காம் வரியில் ஒன்றை அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டார்.