மூன்றாவது கேள்வி

திண்ணனூர் நாட்டில் நிலம் கைமாறுவதற்கு முன் ஊர்க்கவுண்டர் கூட்டத்தில் மூன்று முறை கேட்பார்: “எதிர் உண்டா?” வீட்டுக்கு ஓர் ஆண்தான் பதில் சொல்லலாம். வக்கீலாக இருந்து எம்.எல்.ஏ.வும் ஆன அர்த்தனாரி, பங்காளிகள் குடிதண்ணீர் ஊற்று இருக்கும் ஊற்றுக்காட்டை ரிசார்ட்டுக்கு விற்கப் பேசும்போதெல்லாம் மூன்றாவது கேள்விக்குத்தான் வாயைத் திறப்பார். “உண்டுங்க.” அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர் செத்துக் காரியம் முடிந்ததும் மகன் செல்வம் விற்கத் துணிந்தான்.

“அப்பனுக்கு வெச்ச கொள்ளி இன்னும் ஆறலை. ஊத்துக்காட்ட வித்துப்போட்டு என்னத்தக் குடிக்கிறது சாமி?” என்றாள் அவன் ஆத்தா ருக்குமணி.

“பாட்டில் தண்ணி வாங்கித் தாரேன். கூட்டத்துல பொம்பளைக்குப் பேச்சில்லை, தெரியுமில்ல?”

கூட்டத்தில் முதல் கேள்விக்கு யாரும் பேசவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. ஓரமாக நின்ற ருக்குமணி செத்த புருஷனை நினைத்து, “ஒருக்கா வந்து சொல்லிட்டுப் போங்க” என்று முணுமுணுத்தாள்.

மூன்றாவது முறை கேட்டார் ஊர்க்கவுண்டர்.

“உண்டுங்க.”

அர்த்தனாரியின் குரலேதான். கேட்டுப் பழகிய வாயிலிருந்து, “வக்கீலய்யா எதிர்க்கறாரு, விக்கக் கூடாது” என்று தீர்ப்பும் வந்துவிட்டது. பிறகுதான் ஊர்க்கவுண்டர் நிமிர்ந்து பார்த்தார். திறந்திருந்தது செல்வத்தின் வாய்.

ஊற்று தப்பியது. வீட்டுக்கு வந்த செல்வம் அப்பனின் நாற்காலியில் அவரைப் போலவே ஒரு காலை மடக்கி உட்கார்ந்தான்.

“ருக்கு, தண்ணி கொண்டா.”

அவள் ஊற்றுத் தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“ஏனுங்க, பையன் எங்கீங்க?”

அவர் குடித்து முடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

“தண்ணி அதே ருசிதான்” என்றார்.