ஈரப் பட்டை

வாளியிலிருந்து வெளியே எடுத்தபோது அது கடிகாரப் பட்டை மாதிரியே இல்லை. ஊறப் போட்ட உப்புக்கண்டம் மாதிரி இருந்தது.

தோல் பட்டையைத் துணியால் துடைத்தால் போதும், தண்ணீரே காட்டக் கூடாது என்று மகள் ஹர்ஷிணி வாங்கித் தந்த அன்றே சொல்லியிருந்தாள். நான் அதை என் பனியன்களோடு சேர்த்து, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் போட்டுவிட்டேன். பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்து ரிட்டையர் ஆனவன் நான். ஓடுகிற சத்தத்தை வைத்தே மோட்டாரின் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று பெயர் வாங்கியவன். தோல் விஷயம் மட்டும் சிலபஸில் இல்லை.

"ஏனுங்க, அழுக்கெல்லாம் போயிருச்சுங்களா?" என்றாள் மனைவி கோமளா. பட்டையே போய்விட்டதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

போன வருடம் என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஹர்ஷிணி பெங்களூரிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட்வாட்ச் அது. காலை நடைக்கு ரப்பர் பட்டை, மற்ற நேரத்துக்குத் தோல் பட்டை என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். என் நடையும் நாடித்துடிப்பும் அவள் போனில் தெரிந்துவிடும். ஒரு நாள் நடக்காவிட்டாலும் கூப்பிட்டு, என்னைப் பெற்றவள் மாதிரி பேசுவாள்.

இப்போது மிஞ்சியது ரப்பர் பட்டை மட்டும். அதில்தான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. ரப்பரைத் தினமும் கழுவ வேண்டும், ஈரத்தோடு கட்டினால் கையில் அரிப்பு வரும் என்பதும் ஹர்ஷிணி போட்ட சட்டம்தான்.

ஆகவே காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பட்டையைக் குழாயில் நீட்டுவேன். "ஈரமா இருக்குது கோமளா, காயட்டும். நான் சும்மா நடந்துட்டு வாரேன்" என்று வாட்சை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

நடை தெருமுனை பேக்கரி வரைக்கும்தான். அங்கே உட்கார்ந்து டீயும் முட்டை பப்ஸும் சாப்பிட்டபடி, போத்தனூர் ஜங்ஷனுக்குள் நுழையும் ரயில்களை மேற்பார்வை செய்வேன். ரயில் தாமதமானால் இன்னொரு பப்ஸ்.

முதல் நாள் மட்டும் கொஞ்சம் உதறல். ஹர்ஷிணி கூப்பிட்டால் என்ன சொல்வது? அதையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகக் கோமளா சொன்னாள். போனும் வரவில்லை. தாயும் மகளும் ஏதோ பேசிக்கொண்டார்கள் போல என்று நானும் தோண்டித் துருவவில்லை.

திரும்பி வந்து கட்டும்போது பட்டை லேசாக ஈரமாகவே இருக்கும். இன்னொன்றையும் கவனித்தேன். என் மணிக்கட்டு உலக்கை. கடைசி ஓட்டைதான் சரிப்படும். அதற்கு நாலைந்து ஓட்டை உள்ளே தள்ளி, பட்டையில் புதிதாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. தோலுக்கு நேர்ந்த கதி ரப்பருக்கும் வந்துவிடப் போகிறதே என்று, மறுநாளிலிருந்து கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹர்ஷிணி கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு வாரமா உங்க பல்ஸ் சரியில்லைங்கப்பா. திடீர் திடீர்னு தாறுமாறா ஓடுது. நாளைக்கே டாக்டரைப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. அவள் திட்டாததுதான் என்னைக் கலக்கிவிட்டது.

அன்று முழுக்க நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தின்ற பப்ஸெல்லாம் உள்ளே வரிசையில் நின்று சாட்சி சொல்லின. கோமளா எதுவும் தெரியாதவளாக, மறுநாள் போட்டுக்கொள்ள என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்விட்டால் இவள் யாருக்கு இஸ்திரி போடுவாள் என்று நினைத்ததும், சட்டையைப் பிடுங்கி நானே தேய்க்கப் பார்த்தேன். வாளியை நினைத்தாளோ என்னவோ, தரவில்லை.

மறுநாள் ஆர்.எஸ்.புரத்தில் ஆஸ்பத்திரி. டாக்டர் முதல் மாடியில்தான் இருந்தார். "படி வேண்டாமுங்க, லிப்ட்டுலயே போலாங்க" என்றாள் கோமளா. ஏமாற்றுக்காரனுக்கு இவ்வளவு கரிசனம் காட்டுகிறாளே என்று இன்னும் குறுகிப்போனேன்.

டாக்டர் ரூபினா எனக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். பிறகு ஹர்ஷிணி அனுப்பியிருந்த வரைபடத்தைப் போனில் வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நாள் முழுக்க நல்லாத்தான் இருக்குதுங்க. காலைல நடக்கறப்ப மட்டுந்தான் துடிப்பு தப்புது. அப்ப தலைசுத்தல், படபடப்பு ஏதாச்சும் வருதுங்களா?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வாளியில் ஆரம்பித்துப் பேக்கரி வரைக்கும் கொட்டிவிட்டேன். "நான் நடக்கவே இல்லைங்க டாக்டர். காலைல அந்த வாட்ச் என் கையிலயே இருக்காதுங்க."

டாக்டர் போனிலிருந்து நிமிர்ந்தார். கோமளா சேலைத் தலைப்பை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

"நீங்க நடக்கலைன்னா பாப்பா அங்க கெடந்து தவிச்சுப் போவாளுங்க" என்றாள் என்னைப் பார்க்காமலே. "அதான் பட்டையைத் தொடச்சு, நானே கட்டிட்டு மொட்டை மாடில நடந்தேனுங்க. அங்கிருந்து பாத்தா பேக்கரி நல்லாத் தெரியுமுங்க."

எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அந்த நேரத்திலும் வாயில் வந்தது என் கவலைதான்.

"அப்ப எனக்கு என்னங்க டாக்டர்?"

டாக்டர் எழுந்து கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. கோமளாம்மா, நீங்க வந்து படுங்க."