வெயிலில் நின்ற குதிரை

சித்திரை வெயில் உச்சியில் நிற்கிறது. சந்தவாசல் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் மலைப்பாதையில் தோல் வியாபாரி சனாவுல்லாவின் குதிரை திடீரென நின்றுவிடுகிறது. குதிரை மேல் அவருக்கு முன்னால், பாம்பு கடித்த கருப்பன் அதன் கழுத்தில் சாய்ந்திருக்கிறான். அவன் இமைகள் சரிந்துகொண்டே போகின்றன. கூடவே ஓடிவரும் அவன் மனைவி பாஞ்சாலை, "இன்னாங்க சாயபு, நின்னுட்டீங்க?" என்று பதறுகிறாள். சனாவுல்லா குதிரையின் கழுத்தைத் தடவுகிறார். உள்ளங்கையில் ஈரமே இல்லை. தோல் அடுப்பாய்க் கொதிக்கிறது. "வேர்வை நின்னுபோச்சும்மா. இந்த வெயில்ல ரெண்டு ஆம்பள பாரம் தாங்காது, விழுந்துடும்." கருப்பனை அவள் தாங்கிக்கொள்ள, பருத்த உடம்போடு இறங்குகிறார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் குதிரையின் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றுகிறார். "நீ ஏறு. என் எடையில பாதிகூட இருக்கமாட்ட." குதிரையைத் தொட்டே அறியாதவள் ஏறி, கணவனைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொள்கிறாள். கால்களுக்கிடையில் குதிரையின் விலா படபடக்கிறது. கணவன் மூச்சு விடுகிறானா என்று அவன் முதுகில் காதை வைக்கிறாள். "யாரு பின்னால?" என்று குழறுகிறான் கருப்பன். "நான்தான். தூங்காத, தூங்கிடாத." சனாவுல்லா "பிஸ்மில்லா" என்று கடிவாளத்தை மெல்ல இழுக்கிறார். குதிரை நடுங்கும் காலொன்றை எடுத்து வைக்கிறது. பிறகு, வெகுநேரம் கழித்து, இன்னொன்றை.