தப்புத் தப்பாய் ஒரு பதில்

"அங்கிள், மிளகாய்க்குக் கடைசியா எப்போ உரம் போட்டீங்க?"

"தீபாவளிக்குப் போட்டதுதான் தம்பி" என்றார் பக்கிரிசாமி.

இது ஜூன் மாதம். விவசாய இலாகாவிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த ஹாஃபிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

அவர் மனைவி வள்ளியம்மா சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரி என்றாலே அவளுக்கு உதறல். வழக்கம்போல் உள்ளேயே இருந்துவிட்டாள். தாசேக் கெலுகோரில் வீட்டை ஒட்டி இருக்கும் அந்த ஒரு ஏக்கர் தோட்டத்துக்குக் கடைசியாக அரசாங்க மானியம் வந்து இரண்டு வருஷமாகிறது. அதன்பின் விண்ணப்பித்த இரண்டு தடவையும் விசாரணையில் பதில் சரியில்லையாம், தள்ளிவிட்டார்கள். தண்ணீர் பம்ப்பும் செத்துவிட்டது. இந்தத் தடவையும் பணம் வராவிட்டால் தோட்டத்தை மூட வேண்டியதுதான். இந்த மனுஷன் என்னடாவென்றால் இப்படி உளறுகிறார்.

"எத்தனை செடி இருக்கு அங்கிள்?"

"ஒரு நூறு இருக்கும்லா."

"இலையெல்லாம் சுருண்டிருக்கே, எதனால?"

பக்கிரிசாமி மோவாயைச் சொறிந்தார். "குளிருக்கா இருக்கும்."

உச்சி வெயிலில் இருவர் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது.

அவ்வளவுதான். கதவு படீரென்று திறந்தது.

"குளிரா? மனுசன் பேசுற பேச்சா இது? தம்பி, இங்க வந்து பாருங்க" என்று வள்ளியம்மா ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். "இலைப்பேன். நேத்துதான் வேப்பெண்ணெய் அடிச்சேன். செடி ஆயிரத்து இருநூறு. பத்து நாளைக்கு ஒருவாட்டி உரம். வாரத்துக்கு ரெண்டு தடவை பறிச்சுப் பாசாருக்கு விக்க அனுப்புறேன். இவரு விடிஞ்சா சிம்பாங் அம்பாட் ஃபேக்டரிக்கு ஓடுறாரு. இவருக்கு என்னா தெரியும்?"

"அப்போ அங்கிள் விவசாயி இல்லையா ஆன்ட்டி?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்த காரியத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹாஃபிஸ் சிரித்தபடி விசாரணைப் பாரத்தை நீட்டினான். "பதில் சொன்னவங்க இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அடுத்த மாசம் சப்சிடி வந்துரும்."

வள்ளியம்மாவுக்கு உயிரே திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டாள். "உங்கள நம்பியிருந்தா விளங்கியிருக்கும்" என்று கணவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள்.

ஹாஃபிஸ் குரலைத் தாழ்த்தினான். "விண்ணப்பம் ஆன்ட்டி பேர்லதானே இருக்கு? நீங்க எதுக்கு அங்கிள் முந்திக்கிட்டு உளறுனீங்க?"

"பாடுபடுறவ அவ, அதான் அவ பேர்ல போட்டேன். அது அவளுக்குத் தெரியாது. சொன்னா ஆபீசர் வர்றதுக்குள்ள அவ தங்கச்சி வீட்டுக்கு ஓடிருவா. போன ரெண்டு தடவையும் நான் எல்லாத்துக்கும் கரெக்டாத்தான் பதில் சொன்னேன். அவளே சொல்லணும்னு தள்ளிட்டாங்க" என்றார் பக்கிரிசாமி. "நான் தப்பாச் சொன்னாத்தான் தம்பி அவளுக்குப் பேச்சு வரும்."