கருப்புப் பொடி

உலையைத் திறந்தாள். பொடி வெள்ளையாக இருந்தது.

காலையில் அவள் கருப்பாக விட்டுப் போன பொடி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சுண்ணாம்பு மாதிரி, ஒரு பாவமும் அறியாத வெள்ளை.

பின்னால் அவள் கணவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். தேர்வுக்கூடத்துக்குக் கண்காணிப்பு வேலைக்குக் கிளம்பும்போது, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனைத்தான் ஆய்வகத்தில் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள். யாரையும் அவன் தொட விடவில்லை. அவனே தொட்டுவிட்டான்.

"கருகிப்போச்சுன்னு நெனச்சுட்டேன் அம்மிணி. நாஞ் சுத்துன காயிலு சூடு ஏறி, உம்பட பொடிய எரிச்சுப்போட்டுதோன்னு பயந்துட்டேன். அதான் மறுக்கா உள்ள வெச்சு, கரி போகட்டும்னு சுட்டேன்."

அவனுக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. அங்கே கருப்பு என்றால் எரிந்துபோனது, அதோடு கதை முடிந்தது. இந்த உலையின் காயில், சூடேற்றும் கம்பிச் சுருள், எரிந்துபோனபோது சுற்றிக் கொடுத்தவனும் அவன்தான். அதனால் உலையை இயக்கத் தெரியும்.

தெரியாமல் இருந்திருக்கலாம்.

டைட்டானியம் ஆக்சைடு. சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் இருப்பதுதான். ஹைட்ரஜன் வாயுவில் சுட்டால் அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் சில எழுந்து போய்விடும். அவை இருந்த இடம் காலியாகவே நிற்கும். பக்கத்து அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், ஆனால் வரிசை கலையாது. வெள்ளை, கருப்பாகும்.

அந்தக் கருப்பைச் சாயத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் தண்ணீர் தெளியும். அந்தக் காலி இடங்கள்தான் சாயத்தை உடைக்கின்றன என்பது அவள் கட்சி.

காற்றில் சுட்டால் போச்சு. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து காலியான இடத்திலெல்லாம் உட்கார்ந்துகொள்ளும்.

அவன் காற்றில்தான் சுட்டிருக்கிறான்.

அவன் சுபாவமே அது. எதுவும் காலியாக இருந்தால் பொறுக்காது. டம்ளர் பாதியானால் ஊற்றுவான். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தால் டிவியைப் போடுவான். அவள் அப்பா இறந்து காரியம் முடிந்த கையோடு, ஹாலில் அவர் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு டிரெட்மில்லைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து அவள் அழக் கூடாதாம்.

அதில் இதுவரை யாரும் நடக்கவில்லை. துணிதான் காய்கிறது.

அவளும் அழவில்லை. வேலையும் ஓடவில்லை. எதைச் சுட்டாலும் கெட்டது. எல்லாம் கூடி, இன்றைக்குத்தான் பொடி நல்ல கருப்பாக வந்திருந்தது.

அதைத்தான் இவன் வெளுத்து வைத்திருக்கிறான்.

திட்டுவதற்கு வாயெடுத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினான்.

உள்ளே கருப்பு.

"முழுசும் வெக்க மனசு வர்ல. பாதிய எடுத்து வெச்சுட்டேன்."

அவள் குப்பியைப் பார்த்தாள். உலையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

ஆய்விதழ்க்காரர்கள் அவள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிக் கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான். பொடி நைசாக இருப்பதால்கூடச் சாயம் உடையலாமே, காலி இடத்தால்தான் என்று எப்படிச் சொல்கிறாய்? வழி அவளுக்கும் தெரியும். நல்ல கருப்பில் பாதியை எடுத்துக் காற்றில் சுட்டு, வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வேண்டும். கெடுக்கத்தான் கை வரவில்லை.

கெடுத்துக் கொடுக்க ஆள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுடைய பயந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க இன்னும் வந்தது. இந்த மனுஷனை என்னதான் செய்வது.

ஆய்வகத்து மொட்டை மாடிக்குப் போனார்கள். இரண்டு பாட்டில்களில் ஒரே அளவு நீலச் சாயம். ஒன்றில் கருப்பு, ஒன்றில் வெள்ளை. நல்ல வெயில். அவன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் வெயிலில் நின்றான். கருப்பில் இருக்கும் காலி இடங்களையும், அவன் சுட்டதில் அவை நிரம்பிப்போனதையும் அவள் அவனுக்குச் சொன்னாள்.

கருப்புப் பொடி போட்ட தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. பாட்டிலுக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் தெரிந்தது.

மற்றது கொஞ்சம் வெளுத்ததோடு சரி. நீலம் நீலமாகவே நின்றது.

அவள் கைதட்டிவிட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. அவன் நீல பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப, நான் ரொப்புனதுதான் வேல செய்யாமப் போச்சா?"

"ஆமாங்க."

சந்தோஷத்தில் சட்டென்று சொல்லிவிட்டாள்.

வண்டியில் வீடு வந்து சேரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் வண்டி ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. கோபமோ என்று நினைத்தாள். அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

முகம் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

துணியெல்லாம் சோபாவில் குவிந்து கிடந்தது. அவன் மூச்சு வாங்க டிரெட்மில்லைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

தரையில், அப்பாவின் கட்டில் கால்கள் பதிந்திருந்த நாலு தடம்.

அப்படியே இருந்தன.

அவள் போய் அவற்றின் நடுவில் உட்கார்ந்தாள். அழுகை சத்தமாகவே வந்தது.

அவன் கை பழக்கத்தில் ரிமோட்டை எடுத்தது. கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு துணிக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு வந்தான்.

அந்த நாலு தடங்களுக்கு வெளியே, சுவரோரமாக, அவனும் உட்கார்ந்தான்.