மருதி சீலை மாத்தீட்டு வர்ற வரைக்கும்

எல்லாரும் சௌக்கியமுங்களா? மூட்டுவலி, சளியெல்லாம் தேவலைங்களா? எனக்கு இன்னும் படபடப்பு அடங்கலீங்க, அதனால நேராச் சொல்லிப்போடறேன்.

ஆனைகட்டி மலையில இருளருங்க ஊரு. சாயங்கால வெயில் சாஞ்சு விழுது. வாசல்ல மருதி முறத்துல ராகி புடைக்கறாங்க, தூசியெல்லாம் தங்கமாப் பறக்குது. எந்தம்பி மக லின்சிக்கு ஊரூராப் போயி போட்டோ எடுக்கறதுதான் பொழப்பு. இந்த வெயிலுக்காகவே என்னையும் பின்னால ஒக்கார வெச்சு ஸ்கூட்டர்ல மலையேறி வந்திருக்கா. ஆனா காமெராவத் தூக்கல. "எடுத்துக்கலாமுங்களா?"னு கேக்கறா. "இந்த அழுக்குச் சீலையோடவா? இப்படித்தான் ஒருத்தரு கேக்காமயே எடுத்துட்டுப் போயி காலண்டர்ல போட்டுட்டாருங்க. இருங்க, மாத்தீட்டு வாரேன்"னு மருதி ஊட்டுக்குள்ள போயிர்றாங்க. வெயில் சுவத்த விட்டு எறங்குது, முறத்த விட்டு எறங்குது, மலைக்குப் பின்னால போயே போயிருது. "போச்சே அம்மணி!"ங்கறேன். "போகட்டும் அத்தை, அவங்க போட்டோ அவங்க இஷ்டம்"ங்கறா லின்சி. சொல்றாளே ஒழிய, லென்ஸ் மூடியக் கழட்டிக் கழட்டி மாட்டறா. கதவு தெறக்குது. கிளிப்பச்சைச் சீலை, மொகமெல்லாம் பவுடரு, கையில வாட்ச்சு, தலை நெறையக் கனகாம்பரம்! "ஏனுங்க, இருட்டிப்போச்சுங்களா? அதுக்கென்னங்க, உங்க வண்டில லைட்டு இருக்குதல்ல?"ங்கறாங்க மருதி. நான் ஓடிப்போயி வண்டிய ஸ்டார்ட் பண்றேன். பளீர்னு வெளிச்சம் பாயுது. அதுக்கு நடுவுல மருதி, இடுப்புல கைய வெச்சுட்டு, மலையே தன்னுதுங்கற மாதிரி சிரிக்கறாங்க. "இப்ப எடுங்க கண்ணு!"

உங்களுக்கு ரொம்பப் புடிச்ச போட்டோவுல நீங்க என்ன உடுத்தியிருக்கீங்க? மறக்காம எழுதிப்போடுங்க.